ஆரஞ்சுப் பள்ளத்தாக்கில் மூன்று இரவுகள்: மயோர்க்காத் தீவின் சோயெர் நகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான பலேயாரிக் தீவுகளில் மிகப் பெரியது மயோர்க்கா. அதன் வடமேற்குக் கரை நெடுக செர்ரா தெ த்ரமுந்தானா என்னும் மலைத்தொடர் ஒரு மதிலைப் போல எழுந்து நிற்கிறது. அந்த மதிலின் உட்புறத்தில், மூன்று பக்கமும் மலை சூழ, கடலை நோக்கி மட்டும் திறந்திருக்கும் ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது சோயெர் என்னும் சிறுநகரம். ஸ்பானிய, கட்டலான் எழுத்துமுறையில் இந்தப் பெயரில் இரண்டு எல் எழுத்துகள் வருவதைப் பார்த்துப் பலர் 'சோலர்' என்று படித்துவிடுகிறார்கள். தீவினர் அதை ஏறக்குறைய யகரமாகவே ஒலிக்கிறார்கள் என்பதால், பேருந்தில் சீட்டு வாங்கும்போது 'சோயெர்' என்று சொன்னால் உடனே புரியும்.

இந்த வழிகாட்டியின் அடிப்படைப் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோயெருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தலைநகர் பால்மாவிலிருந்து காலை ரயிலில் வந்து, சதுக்கத்தில் ஒரு பழச்சாறு குடித்து, டிராமில் துறைமுகம் வரை போய்வந்து, மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது நெரிசலை மட்டுமே. அருகிலிருக்கும் தோட்டங்களையும், அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்களையும், மலைச்சரிவுகளில் பல நூற்றாண்டுகளாகக் கல்மேல் கல் வைத்து எழுப்பப்பட்ட அடுக்கு நிலங்களையும் அவர்கள் காண்பதில்லை. உண்மையில் இந்த ஊர் அவற்றால்தான் ஆனது. ஆகவே குறைந்தது மூன்று இரவுகள் தங்குங்கள். கீழே சொல்லப்படும் யாவும் அந்தக் கணக்கை வைத்தே எழுதப்பட்டவை.

முதற்படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரையிலும், அக்டோபர் முதல் நவம்பர் நடுப்பகுதி வரையிலும் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஏற்ற காலம். வசந்தத்தில் ஒரே மரத்தில் பழுத்த ஆரஞ்சும் புதிய வெண்பூவும் சேர்ந்திருப்பதைப் பார்க்கலாம். அந்நாட்களில் பூவின் மணம் இரவில் ஊர்த் தெருக்கள் வரை வந்து நிற்கும். இலையுதிர்காலத்தில் ஒலிவ அறுவடை தொடங்குகிறது, கடல் நீரும் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை இயன்றவரை தவிர்க்கவேண்டும். அப்போது மலைப்பாதைகளில் வெயில் கடுமையாக இருக்கும், விடுதிக் கட்டணங்கள் உச்சத்துக்குப் போகும், ஓடைகளும் வறண்டு கிடக்கும். குளிர்காலத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. டிசம்பர் முதலே தோட்டங்கள் பழங்களால் நிறைந்திருக்கும், தீவின் மிக உயரமான பூச் மஜோர் சிகரத்தில் சில நாட்கள் பனி படிந்திருக்கும். ஆனால் மலைநிழல் காரணமாக ஊரில் வெயில் சீக்கிரமே மறைந்துவிடும், மழையும் மிகுதி, பல விடுதிகள் மூடியிருக்கும், பழைய ரயிலும் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் ஓடாது.

மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறும் அதை அடுத்த திங்களும் தனியாகக் குறிப்பிடவேண்டியவை. 1561 மே 11 அன்று அல்ஜியர்ஸிலிருந்து வந்த கடற்கொள்ளையர்கள் சோயெரைத் தாக்கினார்கள். ஊர்ப்படை அவர்களை எதிர்த்து நின்று வென்றது. கான் தமானி என்னும் வீட்டில் இரு சகோதரிகள் கதவுத் தாழ்ப்பாளாகப் பயன்பட்ட கனத்த கட்டையைக் கொண்டு வீட்டுக்குள் புகுந்தவர்களை வீழ்த்தினார்கள் என்பது அந்நாளின் நினைவுகளில் முதன்மையானது. இன்றும் அவர்கள் 'வீரப் பெண்கள்' என்று போற்றப்படுகிறார்கள். எஸ் ஃபிரோ என்னும் விழாவின் திங்கட்கிழமையன்று ஊரே இரு அணிகளாகப் பிரிந்து, கடற்கரையில் தொடங்கி ஊர்ச் சதுக்கம் வரை அந்தப் போரை நடித்துக் காட்டுகிறது. வெடிமருந்துப் புகையும் துப்பாக்கி ஒலியும் மிகுதியாக இருப்பதால் சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் கூட்டத்தின் நடுவில் நிற்காமல் ஒதுங்கி நின்று பார்ப்பது நல்லது. விழாவுக்குப் போவதென்றால் பல மாதங்களுக்கு முன்பே அறை பதிவு செய்துகொள்ளவேண்டும்.

இரண்டாம் படி: விசாவும் தீவை அடைதலும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்திருக்கவேண்டும் என்பது விதி என்றாலும், நேர்காணல் நாள் கிடைப்பதே சிரமமாக இருக்கும் கோடைப் பருவத்தை நினைத்து இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். பல ஷெங்கன் நாடுகளுக்குப் போகிறவர்கள், எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறார்களோ அந்த நாட்டின் தூதரகத்திலேயே விண்ணப்பிக்கவேண்டும்.

மாட்ரிட், பார்சிலோனா அல்லது வேறு பெரிய ஐரோப்பிய நகரம் ஒன்றில் விமானம் மாறிப் பால்மா விமான நிலையத்தை அடைவதே வழக்கமான வழி. பார்சிலோனாவைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இரவுக் கப்பலும் உண்டு. இரவு ஏறிப் படுத்தால் விடியற்காலையில் பால்மா விரிகுடாவுக்குள் நுழையலாம். ஒரு விடுதி இரவின் செலவும் மிச்சமாகும். விமான நிலையத்திலிருந்து பால்மா நகரின் பிளாசா தெஸ்பான்யா சதுக்கத்துக்குப் பேருந்து அடிக்கடி ஓடுகிறது. சோயெருக்குப் போகும் பேருந்து நிலையமும் பழைய ரயில் நிலையமும் அந்தச் சதுக்கத்தை ஒட்டியே இருக்கின்றன.

விடுதிக் கணக்கைத் தீர்க்கும்போது அறை வாடகைக்கு மேல் ஒரு சிறு தொகை சேர்ந்திருப்பதைக் கண்டு வியக்கவேண்டாம். 2016 முதல் பலேயாரிக் தீவுகளில் தங்குபவர்களிடம் இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி வாங்கப்படுகிறது.

மூன்றாம் படி: மலையைக் கடத்தல்

சோயெரின் வரலாற்றை ஒரே வரியில் சொல்வதானால், மலையைக் கடப்பதற்கு அந்த ஊர் பட்ட பாடுதான் அது. பால்மா 30 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் நடுவே அல்ஃபாபியா மலைவரிசை குறுக்கிடுவதால், 19-ஆம் நூற்றாண்டில் சோயெர்க்காரர்களுக்குத் தங்கள் தலைநகரைவிடக் கடலுக்கு அப்பாலிருந்த பிரெஞ்சுத் துறைமுகங்களே மனத்துக்கு அருகில் இருந்தன. விளைந்த ஆரஞ்சையெல்லாம் பாய்மரக் கப்பல்களில் ஏற்றி மார்செய் போன்ற நகரங்களுக்கு அனுப்பினார்கள். 1860-களில் மரங்களை நோய் தாக்கித் தோட்டங்கள் அழிந்தபோது, பிழைப்புத் தேடிப் பலர் அதே கடல்வழியில் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே பழவணிகம் செய்து பொருள் ஈட்டியவர்களில் ஒரு பகுதியினர் ஊர் திரும்பி வீடுகள் கட்டினார்கள், வங்கி தொடங்கினார்கள், கடைசியில் ஊருக்கென ஒரு ரயிலையே கொண்டுவந்தார்கள்.

அந்த ரயில் 1912 ஏப்ரல் 16 அன்று ஓடத் தொடங்கியது. தண்டவாளங்களுக்கு இடையே 914 மில்லிமீட்டர் மட்டுமே இடைவெளி கொண்ட குறும்பாதை அது. 27 கிலோமீட்டர் வழியில் 13 சுரங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் மிக நீண்டது 2.8 கிலோமீட்டருக்கும் மேல் மலையைக் குடைந்து செல்கிறது. 1929-இல் பாதை மின்மயமாக்கப்பட்டது. அன்றைய மின் இழுவண்டிகளும் மரப் பெட்டிகளும் இன்றும் ஓடுகின்றன. பால்மாவின் தெருவொன்றின் நடுவிலேயே மெதுவாகப் புறப்பட்டு, பாதாம் மரங்கள் நிற்கும் சமவெளியைக் கடந்து, புன்யோலா என்னும் சிற்றூரை அடைந்து, பிறகு மலைக்குள் புகுகிறது வண்டி. நீண்ட இருளுக்குப் பிறகு வெளிச்சத்துக்கு வரும்போது கீழே பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பார்வையில் விரிகிறது. அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கிச் சோயெரை அடைகிறது. மொத்தம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்.

இப்போது செலவைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த ரயில் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்காகவே ஓடுவதால் கட்டணம் அதிகம். அரசுப் பேருந்தான 204-ஆம் எண் வண்டி சாலைச் சுரங்கம் வழியாக அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு, ரயில் கட்டணத்தில் ஒரு சிறு பங்குக்கே கொண்டுபோய் விடுகிறது. வல்தெமோசா, தெயா ஆகிய மலையூர்கள் வழியாகச் சுற்றி வரும் 203-ஆம் எண் பேருந்தும் உண்டு. அந்த வழி நீளமானது என்றாலும் கடலுக்கு மேலே செங்குத்தான சரிவுகளை ஒட்டிப் போகும் அழகான வழி. என் பரிந்துரை இது: பெட்டிகளோடு வரும்போது 204-இல் வாருங்கள், திரும்பும்போது ஒரு வழி மட்டும் ரயிலில் போங்கள். காலையில் பால்மாவிலிருந்து வரும் ரயில்கள்தாம் நிரம்பி வழிகின்றன. காலை நேரத்தில் சோயெரிலிருந்து பால்மாவுக்குப் போகும் வண்டியில் எளிதாகச் சன்னலோர இடம் கிடைக்கும். ஊரில் தங்குகிறவருக்கு மட்டுமே வாய்க்கும் சலுகை இது.

கார் வாடகைக்கு எடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். 1997-இல் திறக்கப்பட்ட சாலைச் சுரங்கத்துக்கு முன்பு சுங்கக் கட்டணம் இருந்தது. 2017 டிசம்பரில் அது நீக்கப்பட்ட பிறகு காரில் வருவது மிக எளிதாகிவிட்டது. அதன் விளைவாக, பழைய காலத்து ஒடுங்கிய தெருக்களைக் கொண்ட ஊரில் வண்டியை நிறுத்த இடம் தேடி அலைவதிலேயே ஒரு காலைப்பொழுது கழிந்துவிடும். ஊரின் உட்பகுதித் தெருக்களில் சில அங்கு வசிப்பவர்களின் வண்டிகளுக்கு மட்டுமே உரியவை. வழிகாட்டிச் செயலி காட்டுகிறதே என்று உள்ளே நுழைந்தால் அபராதம் வீடு தேடி வரும். மலைமேல் உள்ள பழைய கணவாய்ச் சாலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மிதிவண்டி ஓட்டுபவர்கள் அதைப் பெரிதும் விரும்புகிறார்கள். மலைச்சாலையில் பழக்கமில்லாத ஓட்டுநருக்கு அது தேவையற்ற சோதனை.

நான்காம் படி: தங்குமிடம்

ஊரில் தங்குவதா, 4 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் இருக்கும் துறைமுகத்தில் தங்குவதா என்பதுதான் கேள்வி. கடற்குளியலே நோக்கம் என்றாலோ, நடக்கச் சிரமப்படும் முதியோர் உடன் வந்தாலோ துறைமுகம் வசதியானது. அங்கே தரை சமமாக இருக்கிறது, கடலோரமாக நீண்ட நடைபாதையும் உண்டு. மற்றவர்கள் ஊரிலேயே தங்கவேண்டும். மலைப்பாதைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன, மாலையில் ஊர் தன் இயல்புக்குத் திரும்புவதையும் அங்கிருந்துதான் பார்க்கமுடியும். பழைய வீடுகளைச் சிறு விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். மின்தூக்கி இருக்கிறதா, மாடிப்படி எத்தனை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஊரைப் பார்த்தல்

வந்த நாள் மாலையில் ஊரைச் சுற்றிவிடலாம். மையம் சா கொன்ஸ்டிடுசியோ சதுக்கம். பெருமரங்களின் நிழலில் மேசைகள் போடப்பட்டிருக்கும், அவற்றுக்கு வெகு அருகிலேயே டிராம் மணியடித்துக்கொண்டு மெதுவாகக் கடந்து போகும். சதுக்கத்தின் ஒரு பக்கத்தை சந்த் பர்த்தொமேவு தேவாலயம் நிறைத்திருக்கிறது. கட்டடம் பழமையானது என்றாலும் அதன் முகப்பு 1904-இல் தொடங்கிய பணி. அதை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கௌதியின் சீடரான ஜுவான் ருபியோ. மலையில் வெட்டிய கல்லை மெழுகைப் போலக் கையாண்டிருக்கிறார். அருகிலிருக்கும் வங்கிக் கட்டடமும் அவர் வடிவமைத்ததே. அதன் சன்னல்களின் இரும்பு வேலைப்பாட்டை நின்று நிதானமாகப் பாருங்கள். பிரான்சிலிருந்து திரும்பிய செல்வம் இந்த ஊரில் எப்படிக் கல்லாகவும் இரும்பாகவும் மாறியது என்பதற்கு இந்த இரண்டும் நேரடிச் சான்று.

அதே கதையின் வீட்டு வடிவத்தைக் காணச் சதுக்கத்திலிருந்து சா லூனா தெருவில் நடந்து கான் ப்ருனேராவுக்குப் போகவேண்டும். லூனா என்றால் நிலவு. 1909 முதல் 1911 வரை கட்டப்பட்ட இந்த மாளிகை 2009 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. உள்ளே சுருள் படிக்கட்டும், பூவேலை செய்த கூரைகளும், அக்காலத்து மரச்சாமான்களும் இருக்கின்றன. ஒரு வணிகக் குடும்பம் எந்த அறையில் விருந்தினரை வரவேற்றது, எந்த அறையில் உண்டது என்பதை அப்படியே உணரமுடிகிறது. பின்புறத்தில் சிற்பங்கள் வைத்த தோட்டமும் உண்டு. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

ரயில் நிலையக் கட்டடத்தையும் தவறவிடக்கூடாது. ரயிலுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஒரு பழைய வீட்டைத்தான் நிலையமாக மாற்றினார்கள். அதன் கீழ்த்தளத்தில் பிக்காசோ செய்த சுட்டமண் கலங்களும் ஓவியர் மீரோவின் அச்சோவியங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. மீரோவின் தாய்வழி மயோர்க்காவைச் சேர்ந்தது. அவரும் 1956 முதல் 1983-இல் இறக்கும் வரை பால்மாவில் வாழ்ந்தார். ரயிலுக்குக் காத்திருப்பவர்களில் பலர் இந்த அறைகளை எட்டிப் பார்க்காமலே போய்விடுவது வருத்தமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் ஊரில் இருந்தால் சந்தைக்குப் போங்கள். மற்ற நாளில் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். மையத்திலிருந்து பால்மா சாலைப் பக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் நடந்தால் வரும். 1992 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் இந்தப் பூங்கா வண்ணப் பூக்களை அடுக்கிக் காட்டும் இடமன்று. பலேயாரிக் தீவுகளில் மட்டுமே வளரும் செடிகளைக் காப்பாற்றி, அவற்றின் விதைகளைச் சேமித்து வைக்கும் ஆய்விடம். மலையேறுவதற்கு முந்தின நாள் இங்கே வந்தால், மறுநாள் பாறையிடுக்கில் காணும் செடியின் பெயர் தெரிந்திருக்கும்.

ஆறாம் படி: கல்லும் நீரும் காட்டும் வழியில் நடத்தல்

இந்தப் பயணத்தின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 2011-இல் யுனெஸ்கோ த்ரமுந்தானா மலைத்தொடரை உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது, அதை இயற்கைக் காட்சியாக அன்றிப் பண்பாட்டு நிலத்தோற்றமாகவே வகைப்படுத்தியது. காரணம் மலையில் ஏறியதும் விளங்கும். சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டிச் சமன்செய்யப்பட்டு, ஒவ்வொரு படியும் ஒரு கல்சுவரால் தாங்கப்பட்டிருக்கிறது. சுண்ணாம்போ சாந்தோ எதுவும் இல்லை. ஒரு கல்லின் பள்ளத்தில் மற்றொரு கல்லின் மேடு பொருந்தும்படி அடுக்கியிருக்கிறார்கள். இடைவெளிகள் வழியாக மழைநீர் வடிந்துவிடுவதால் மண்ணின் அழுத்தம் சுவரைத் தள்ளுவதில்லை. மண்ணும் அரித்துப்போவதில்லை. இவ்வாறு சாந்தின்றிக் கல் அடுக்கும் கலையை, ஸ்பெயின் உள்ளிட்ட எட்டு நாடுகளுக்குப் பொதுவான மரபாக 2018-இல் யுனெஸ்கோ தனியாகவும் பட்டியலில் சேர்த்தது.

நீர் மேலாண்மையில் அரபு ஆட்சிக்காலத்தின் முத்திரை இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1229-இல் அரகோன் மன்னர் முதலாம் ஜாவ்மெ படையெடுத்து வரும் வரை தீவு முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. ஊற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, தொட்டியில் தேக்கி, முறைவைத்துத் தோட்டங்களுக்குத் திறந்துவிடும் ஏற்பாடு அக்காலத்தில் வேரூன்றியது. பினியராய்ஷ், பினிபசி போன்ற ஊர்ப் பெயர்களின் முன்னால் நிற்கும் 'பினி' என்பது 'மக்கள், வழித்தோன்றல்கள்' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. எந்தக் குடிவழி எந்தச் சிற்றூரில் வாழ்ந்தது என்பதை ஊர்ப்பெயரே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

முதல் நடை எல்லோருக்கும் ஏற்றது. சோயெரிலிருந்து தோட்டச் சுவர்களுக்கு இடையே கிழக்கு நோக்கி அரை மணி நேரம் நடந்தால் பினியராய்ஷ். நான்கைந்து தெருக்களும் ஒரு தேவாலயமும் மட்டுமே கொண்ட சிற்றூர் இது. ஊரின் ஓரத்தில் பெண்கள் கூடித் துணி துவைத்த பழைய பொதுத் துவைதுறை இருக்கிறது. ஓடும் நீரின் ஒலியைக் கேட்டபடி சற்று உட்காருங்கள். அங்கிருந்து இன்னொரு அரை மணி நேரத்தில் ஃபோர்னலுட்ச். மலைச்சரிவில் தேன்நிறக் கல்வீடுகள் படியேறி நிற்கும் இந்த ஊரில் பார்வையைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்ளவேண்டும். சில பழைய வீடுகளின் இறவாணத்தில் ஓடுகளின் அடிப்புறம் செம்மண் நிறத்தில் ஓவியம் தீட்டப்பட்டிருக்கும். வீட்டைத் தீமையிலிருந்து காக்கவே இவை வரையப்பட்டன என்று அங்கே நம்பப்படுகிறது. திரும்பும்போது பினிபசி வழியாக இறங்கினால் வந்த வழியையே மிதிக்கவேண்டியதில்லை. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு, வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தாலும், மதிய உணவுக்கு ஊர் திரும்பிவிடலாம்.

இரண்டாம் நடைதான் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது: பினியராய்ஷ் மலையிடுக்கு. துவைதுறையைத் தாண்டியதும் தொடங்கும் கல்பாவிய பாதை, ஓடையை மாறி மாறிக் கடந்து, இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே மேலேறுகிறது. ஏறத்தாழ 2,000 படிகள். ஒவ்வொரு படியும் கழுதையின் காலடிக்கும் சுமை சுமந்த மனிதனின் காலடிக்கும் ஏற்றபடி அகலமாக அமைக்கப்பட்டிருக்கிறது. மரம் வளர முடியாத இடுக்குகளிலெல்லாம் சுவர் எழுப்பி, கைப்பிடி மண் சேர்த்து, ஒரு ஒலிவ மரத்தை நட்டிருக்கிறார்கள். முறுக்கிய தண்டுகளோடு நிற்கும் அந்த மரங்களில் பல நூற்றாண்டு கண்டவை உண்டு. மேலே கரி சுட்டவர்களின் வட்ட மேடுகளும் கண்ணில் படும். இன்னும் உயர்ந்த சிகரங்களில், குளிர்காலப் பனியைக் குழியில் மிதித்து இறுக்கிக் கோடைக்கு விற்பதற்காகக் கட்டிய பனிக்கிடங்குகளும் இருக்கின்றன. இங்கே வாழ்ந்தவர்கள் மலையின் எந்த விளிம்பையும் வீணாக விட்டதில்லை.

இந்த நடையை இரண்டு விதமாகச் செய்யலாம். உடல் வலு உள்ளவர்கள் கீழிருந்து ஏறி, லோஃப்ரே சிகரத்தின் அடிவாரம் வரை போய் வந்த வழியே இறங்கலாம். அது முழுநாள் வேலை. மற்றவர்களுக்கு நான் சொல்வது எதிர்த்திசை: பேருந்திலோ டாக்சியிலோ ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூபெர் நீர்த்தேக்கத்துக்குப் போய்விட்டு, அங்கிருந்து நீர்த்தேக்கத்தின் கரையோரமாக நடந்து, லோஃப்ரே கணவாயைக் கடந்து, மலையிடுக்கு வழியாகச் சோயெருக்கு இறங்குவது. நான்கிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகும். அந்த வழித்தடத்தில் பேருந்து பருவத்தைப் பொறுத்தே ஓடுவதால் முந்தின நாளே சுற்றுலா அலுவலகத்தில் நேரத்தை உறுதிசெய்துகொள்ளவேண்டும். வழி நெடுக ஜிஆர் 221 என்னும் நெடும்பாதையின் மரப் பலகைகள் வழிகாட்டும். இறங்குவதுதானே என்று எளிதாக எண்ணவேண்டாம். பலர் நடந்து வழவழப்பான கற்கள் மழையில் நனைந்தால் மிகவும் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம். நல்ல பிடிப்புள்ள காலணியும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் அவசியம். கனமழை அறிவிப்பு இருந்தால் ஓடை திடீரெனப் பெருகும், அந்த நாளில் போகவே கூடாது. அவசர உதவிக்கான எண் 112.

மூன்றாம் நடை மேற்கே தெயா வரை போவது. ஒலிவத் தோப்புகள் வழியாக மூன்று, நான்கு மணி நேரம் நடந்து, 203-ஆம் எண் பேருந்தில் திரும்பலாம். தெயாவின் தேவாலயத்தை ஒட்டிய சிறு கல்லறைத் தோட்டத்தில், அந்த ஊரில் பல பத்தாண்டுகள் வாழ்ந்து 1985-இல் மறைந்த ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பெயரும் ஆண்டும் 'கவிஞர்' என்ற சொல்லும் பொறித்த எளிய கல் அது.

நடக்கும்போது ஒரு நெறியை மறக்கவேண்டாம். பாதைகள் பல தனியார் நிலங்களின் ஊடே போகின்றன. ஆடுகள் வெளியேறாமலிருக்க வைத்திருக்கும் கதவுகளைத் திறந்து போனால் மூடிவிட்டுப் போகவேண்டும். கிளை தாழ்ந்து கைக்கெட்டும் தொலைவில் தொங்கினாலும் ஆரஞ்சைப் பறிக்கக்கூடாது, அது ஒரு குடும்பத்தின் விளைச்சல். சுவரின்மேல் ஏறி நின்று படம் எடுப்பதும் தவறு. ஒரு கல் நகர்ந்தால் அடுத்த மழையில் சுவரே சரியும். அதைத் திரும்ப அடுக்கத் தெரிந்த கைகள் இன்று குறைவு.

ஏழாம் படி: டிராமும் துறைமுகமும்

1913 அக்டோபர் 4 முதல் ஊருக்கும் துறைமுகத்துக்கும் இடையே மின்சார டிராம் ஓடுகிறது. 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான பாதை. ஊரின் வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு, தோட்டங்களின் பின்புறமாக, கடைசியில் கடற்கரையை ஒட்டி ஓடுகிறது. பக்கங்கள் திறந்த பெட்டியில் உட்காருவது சிறப்பு. ரயிலைப் போலவே இதன் கட்டணமும் பேருந்தைவிட அதிகம் என்பதால் ஒரு வழிக்கு டிராம், மறு வழிக்குப் பேருந்து அல்லது நடை என்று வைத்துக்கொள்ளலாம். நண்பகலில் நெரிசல் மிகுதி. மாலை ஐந்து மணிக்குப் பிறகு போனால் இடமும் கிடைக்கும், கதிரவன் மறைவதையும் பார்க்கலாம்.

துறைமுகம் ஏறக்குறைய வட்டமான ஒரு விரிகுடா. வாயிலின் இருபுறமும் கலங்கரை விளக்கங்கள் நிற்கின்றன. தெற்குப் பக்கத்துக் காப் க்ரோஸ் விளக்கம் வரை சாலை வழியாக ஏறிப்போனால் திறந்த கடலையும் அடைபட்ட விரிகுடாவையும் ஒருசேரக் காணலாம். எதிர்ப்பக்கத்தில் சந்தா கத்தரீனா என்னும் பழைய மீனவர் பகுதியில், முன்னாள் வழிபாட்டுக் கூடம் ஒன்றில் கடல் அருங்காட்சியகம் இருக்கிறது. கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் சா கலோப்ராவுக்குப் படகு போகும். பரெய்ஸ் ஓடை பாறையைப் பிளந்துகொண்டு கடலில் சேரும் இடம் அது. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் மட்டும் போங்கள்.

எட்டாம் படி: உணவு

பழச்சாற்றில் தொடங்குங்கள். கேனோனேட்டா என்னும் சிறிய, மெல்லிய தோல் கொண்ட உள்ளூர் ஆரஞ்சு சாறுக்குப் பெயர்பெற்றது. ஆரஞ்சுப் பனிக்கூழும் இங்கே செய்கிறார்கள். அடுத்தது ஒலிவ எண்ணெய். 1899-இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் இன்றும் எண்ணெய் பிழிந்து விற்கிறது. அந்த எண்ணெயின் அருமை தெரிய 'பாம்போலி' சாப்பிடவேண்டும். நாட்டு ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான், ஆனால் மலையிலிருந்து இறங்கியவருக்கு அதைவிடச் சிறந்த உணவு இல்லை.

சைவ உணவினர் சில செய்திகளை அறிந்திருக்கவேண்டும். தீவின் புகழ்பெற்ற சுருள் ரொட்டியான என்சைமாதாவின் பெயரே 'சைம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்குப் பன்றிக் கொழுப்பு என்று பொருள். மரபான செய்முறையில் அது கட்டாயம் சேர்கிறது. பன்றி உண்ணாதவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். அதற்குப் பதில் மாவே சேர்க்காமல் பாதாமும் முட்டையும் கொண்டு செய்யும் 'கதோ' என்னும் இனிப்பைக் கேளுங்கள். 'தும்பெத்' என்பது உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடைமிளகாய் ஆகியவற்றை எண்ணெயில் பொரித்து அடுக்கித் தக்காளிச் சாறு ஊற்றிய உணவு. காய்கறி மட்டுமே கொண்டது என்றாலும் சில இடங்களில் மேலே இறைச்சியோ மீனோ வைத்துத் தருவார்கள். 'சென்சே கார்ன் நி பேய்ஷ்' என்று சொன்னால் 'இறைச்சியும் மீனும் வேண்டாம்' என்று பொருள். மீன் உண்பவர்களுக்குச் சோயெரின் சிவப்பு இறால் தனிச்சிறப்பு. ஆழ்கடலில் பிடிக்கப்படுவதால் விலை அதிகம், எடைக்கு என்ன விலை என்று கேட்ட பிறகே சொல்லுங்கள்.

மதிய உணவு ஒன்றரை மணிக்கும், இரவு உணவு எட்டு மணிக்குப் பிறகும் என்பது அங்கே வழக்கம். இடைப்பட்ட நேரத்தில் பல அடுக்களைகள் மூடியிருக்கும். கடைக்குள் நுழையும்போது 'போன் தியா' என்று அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லுங்கள். ஸ்பானிய மொழி எல்லோருக்கும் தெரியும் என்றாலும் வீட்டிலும் தெருவிலும் பேசப்படுவது கட்டலான் மொழியின் மயோர்க்கா வழக்குதான். இரண்டு சொல்லேனும் அதில் பேசினால் முகம் மலர்கிறார்கள்.

ஒன்பதாம் படி: புறப்படுதல்

கடைசி நாளில் காலை ரயிலைப் பிடிப்பதானால் கால அட்டவணையை முந்தின நாள் மாலையே நிலையத்தில் பார்த்துவிடுங்கள். பருவத்துக்குப் பருவம் நேரங்கள் மாறும். ரயிலில் ஒரு மணி நேரம், பால்மாவில் வண்டி மாறி விமான நிலையம் போக அரை மணி நேரம், இடையே காத்திருப்பு என்று கணக்கிட்டு, விமானம் புறப்படும் நேரத்துக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம் முன்பாகச் சோயெரை விடவேண்டும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் ரயிலை விட்டுவிட்டுப் பேருந்தில் போய்விடுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய எண்ணெயைக் கைப்பையில் கொண்டுபோக அனுமதி கிடைக்காது. புட்டிக்குப் பதில் தகரக் கலத்தில் வாங்கி, துணிகளுக்கு நடுவே சுற்றி, சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள். ரயிலில் ஏறியதும் பின்புறம் பார்த்த இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். பெரிய சுரங்கத்துக்குள் நுழையும் வரை பள்ளத்தாக்கு கண்ணை விட்டு அகலாது.